நாடாவைப் பின்னோக்கிச் சுற்றியவர்கள்

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ஒருநாள் பெருங்காய டப்பாக்கள் நான்கு காணாமல் போயின. கடைக்காரர் சிசிடிவி பதிவைப் போட்டுப் பார்த்தார். காலை ஆறு மணியிலிருந்து வரிசையாகப் பார்க்க யாருக்குப் பொறுமை? அலமாரி காலியாகத் தெரிந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் சுற்றினார். ஒரு கை அலமாரிக்குள் நுழையும் காட்சி வந்தது. அங்கிருந்து இன்னும் ஐந்து நிமிடம் பின்னால் போனார். கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் உள்ளே வருகிறார், பருப்பு விலை கேட்கிறார், பின்னந்தலையைச் சொறிகிறார், கேமரா பக்கம் ஒரு தடவை பார்க்கிறார். "பாத்தீங்களா சார், வரும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கான்" என்றார் கடைக்காரர்.

அன்று கடைக்கு வந்த மற்றவர்களும் தலையைச் சொறிந்திருப்பார்கள், கேமராவைப் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய ஐந்து நிமிடங்களை யாரும் பின்னால் சுற்றவில்லை. நான் இதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை. டப்பா பறிகொடுத்தவரிடம் புள்ளியியல் பேசக்கூடாது. ஆனால் இந்தச் சந்தேகம் இந்த அத்தியாயத்தில் மறுபடி வரும்.

1964 வசந்த காலத்தில் மேற்கு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் இரண்டு பேர் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஒருவர் ஹான்ஸ் ஹெல்முட் கோர்ன்ஹூபர், பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவமனையின் மூத்த மருத்துவர். மற்றவர் அவரிடம் டாக்டர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த லூடர் டீக்கே. ஷ்லோஸ்பெர்க் குன்றின் அடிவாரத்தில் ஓர் உணவகம். பேச்சு புலம்பலாகத்தான் தொடங்கியதாம். உலகம் முழுக்க மூளை ஆராய்ச்சி என்று என்ன நடக்கிறது? கண்ணில் வெளிச்சம் அடிக்கிறார்கள், காதில் 'டிக்' என்று ஒலி கொடுக்கிறார்கள், தோலில் லேசாக மின்சாரம் வைக்கிறார்கள், மூளை என்ன பதில் சொல்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். தட்டினால்தான் பேசும் பெட்டியா மூளை? அது தானாக ஒன்றைத் தொடங்கும்போது என்ன நடக்கிறது என்று யாரும் ஏன் பார்ப்பதில்லை? எழுந்து போவதற்குள் முடிவாகிவிட்டது: ஓர் ஆளை உட்காரவைத்து, அவருக்குத் தோன்றும்போது விரலை மடக்கச் சொல்வது, மடக்குவதற்கு முன்னால் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று பார்ப்பது.

சொல்வது சுலபம். மண்டையோட்டுக்கு வெளியே மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்யலாம் என்று யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் 1924இலேயே கண்டிருந்தார். ஆனால் ஈஈஜி எனப்படும் இந்தப் பதிவு சந்தைக்கடைக் கூச்சல். கோடிக்கணக்கான நரம்பணுக்களின் பேச்சு எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே வரும்போது சில பத்து மைக்ரோவோல்ட் அளவில் சதா அலைபாய்ந்துகொண்டே இருக்கும். விரல் அசைவுக்கான சமிக்ஞை இருந்தாலும் அது பத்து மைக்ரோவோல்ட் தேறினால் அதிகம். டார்ச் லைட் செல்லின் ஒன்றரை வோல்ட்டை ஒன்றரை லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு. அதைக் கூச்சலுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்க ஒரே வழி, அதே செயலை நூற்றுக்கணக்கான தடவை செய்யவைத்துப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பது. கூச்சல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் தன்னைத்தானே அடித்துக்கொண்டு அமுங்கும். நூறு பதிவை அடுக்கினால் பத்தில் ஒரு பங்காகும். நானூறு என்றால் இருபதில் ஒரு பங்கு. மாறாமல் வரும் சமிக்ஞை மட்டும் தலைதூக்கும்.

அடுக்க வேண்டுமென்றால் எல்லாப் பதிவுக்கும் பொதுவாக ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். வெளிச்சம் அடிக்கும் சோதனையில் அந்தக் கவலை இல்லை. வெளிச்சம் அடித்த கணம்தான் பூச்சியம். அங்கிருந்து இயந்திரம் முன்னோக்கிக் கூட்டிக்கொண்டே போகும். இங்கே பூச்சியம் எது? அந்த மனிதர் எப்போது விரலை மடக்குவார் என்று யாருக்கும் தெரியாது. மடக்கிய பிறகுதான், தசையின் மின்சாரம் துள்ளுவதை வைத்து, "ஓ, இப்போது" என்று தெரியும். அதற்குள் பார்க்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. சராசரி எடுக்கும் அன்றைய கணிப்பொறிக்கோ பின்னால் பார்க்கத் தெரியாது.

அவர்கள் கண்ட வழியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது, பொறாமையும் வருகிறது. ஈஈஜி முழுவதையும் காந்த நாடாவில் பதிவு செய்தார்கள். பிறகு நாடாவைத் தலைகீழாக ஓட்டிக் கணிப்பொறிக்கு ஊட்டினார்கள். இப்போது விரல் அசைவு முதலில் வருகிறது, அதற்கு முந்திய விநாடிகள் பிறகு வருகின்றன. இயந்திரம் தான் எதிர்காலத்தைக் கூட்டிக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டு கடந்தகாலத்தைக் கூட்டியது.

தாளில் வந்த கோட்டில், விரல் அசைவதற்கு ஒரு விநாடிக்கும் முன்பே உச்சந்தலைப் பக்கத்தில் மின்னழுத்தம் மெல்ல எதிர்மறைப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. அவசரமே இல்லாத சாய்வு. கடைசி அரை விநாடிக்குள் அது செங்குத்தாகிறது. பிறகு விரல் அசைகிறது. (ஈஈஜிக்காரர்கள் எதிர்மறையை மேல்நோக்கி வரையும் வழக்கமுள்ளவர்கள். அதனால் படத்தில் இது ஏறும் அலையாகத் தெரியும். புதிதாகப் படிப்பவர்கள் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.) அதே விரலை வேறொருவர் பிடித்து அசைத்துவிட்டபோது இந்த முன்னலை வரவில்லை. அசைவு தன்னுடையதாக இருந்தால்தான் அலை. 1965இல் 'ஃப்ளூகர்ஸ் ஆர்கிவ்' ஆய்விதழில் முழுக் கட்டுரை வந்தது. அலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெரைட்ஷாஃப்ட்ஸ்பொட்டென்ட்ஸியால்'. கூப்பிட்டால் ஓடிவரத் தயாராக மருத்துவர் காத்திருக்கும் பணிக்கு ஜெர்மனியில் இருக்கும் சொல்லும் 'பெரைட்ஷாஃப்ட்' என்றுதான் தொடங்கும். நாம் ஆயத்த அலை என்று வைத்துக்கொள்வோம்.

அலையின் மெதுவான முதல் பாதி பெரும்பாலும் இரு அரைக்கோளங்களுக்கும் நடுவே, உச்சந்தலைக்குக் கீழே இருக்கும் துணை இயக்கப் பகுதியிலிருந்து வருகிறது என்றும், செங்குத்தான பின்பாதியில் கைக்கு எதிர்ப்பக்கத்து இயக்கப் புறணியும் சேர்ந்துகொள்கிறது என்றும் பின்னால் தெரிந்தது. வலது விரல் என்றால் இடது மூளை. துணை இயக்கப் பகுதி ஒரு சுவாரசியமான இடம். விரல்களை ஒரு வரிசைப்படி அசைப்பதாக மனதுக்குள் கற்பனை மட்டும் செய்யுங்கள் என்று சொன்னால், கை சும்மா இருக்கும்போதே அங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று பெர் ரோலண்டின் குழு 1980இல் காட்டியது. ஒத்திகை நடக்கும் இடம் என்று சொல்லலாம்.

இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. சண்டையை மூட்டியவர் சான் ஃப்ரான்சிஸ்கோவின் பெஞ்சமின் லிபெட். ஆயத்த அலை ஒரு விநாடிக்கு முன்பே தொடங்குகிறது; சரி, 'அசைக்கலாம்' என்ற எண்ணம் அந்த மனிதருக்கு எப்போது தோன்றுகிறது? இதை அளக்க அவர் ஒரு கடிகாரம் செய்தார். அலைவரைவித் திரையில் ஒரு ஒளிப்புள்ளி வட்டமாகச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 2.56 விநாடி. சாதாரணக் கடிகாரத்தின் ஒரு விநாடிக் கட்டம் இங்கே சுமார் 43 மில்லிவிநாடி. மணிக்கட்டை எப்போது மடக்கத் தோன்றுகிறதோ அப்போது மடக்குங்கள். தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்துப் பிறகு சொல்லுங்கள். 1983இல் 'பிரெய்ன்' இதழில் வெளியான முடிவு: முன்திட்டம் இல்லாத அசைவுகளில் ஆயத்த அலை அசைவுக்கு 550 மில்லிவிநாடி முன்னால் தொடங்குகிறது. எண்ணம் தோன்றியதாகச் சொன்ன நேரமோ சுமார் 200 மில்லிவிநாடி முன்னால். நடுவில் ஏறக்குறைய ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. மூளை கிளம்பிவிட்ட பிறகுதான் 'நான்' வந்து சேர்கிறேன்.

தத்துவத் துறையில் இதைப்போல மேற்கோள் காட்டப்பட்ட மணிக்கட்டு வேறு கிடையாது. சுய விருப்பம் என்பதே பொய் என்று எழுதினார்கள். குற்றவாளியை எப்படித் தண்டிப்பது என்று கேட்டார்கள். லிபெட் அவ்வளவு தூரம் போகவில்லை என்பதைப் பலர் சௌகரியமாக மறந்தார்கள். மிச்சமிருக்கும் கடைசி 200 மில்லிவிநாடியில் 'வேண்டாம்' என்று நிறுத்த நமக்கு அதிகாரம் உண்டு என்பது அவர் கட்சி. கோர்ன்ஹூபரும் டீக்கேயும் தங்கள் அலையை வைத்து விருப்பத்துக்குச் சாவுமணி அடிப்பதை ஏற்கவே இல்லை.

எனக்கு முதலில் உறுத்துவது அந்தக் கடிகாரம். ஒரே சமயத்தில் உள்ளே ஓர் எண்ணத்தையும் வெளியே ஒரு புள்ளியையும் பார்த்து இரண்டையும் பொருத்திச் சொல்வது மனிதர்களுக்குக் கைவராத வேலை. கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் 1790களில் ஒரு தகராறு நடந்தது. நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் கணத்தைக் கண்ணால் பார்த்து, கடிகாரத் துடிப்பைக் காதால் கேட்டு, விநாடியின் பத்தில் ஒரு பங்குவரை கணித்து எழுத வேண்டும். உதவியாளர் கின்னெப்ரூக்கின் கணக்கு, தலைமை வானியலாளர் மாஸ்கலினின் கணக்கைவிட 0.8 விநாடிவரை பிந்தியிருந்தது. 1796இல் கின்னெப்ரூக்குக்கு வேலை போயிற்று. பல ஆண்டுகள் கழித்து பெஸ்ஸல் என்ற வானியலாளர் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், கைதேர்ந்தவர்களும் ஆளுக்கு ஆள் இப்படி வேறுபடுகிறார்கள் என்று தெரிந்தது. பாவம், கின்னெப்ரூக்கின் பிழை அவருடைய சோம்பல் அல்ல. நட்சத்திரத்துக்கே இந்தக் கதி என்றால், 'எண்ணம் தோன்றிய கணம்' என்ற வடிவமே இல்லாத ஒன்றுக்கு? லிபெட்டுக்கும் இது தெரிந்தே இருந்தது. தோலில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, அது எப்போது வந்தது என்று கேட்டு, பிழையைக் கழித்தும் பார்த்தார். தோலில் சுரீர் என்று படுவது வேறு, மனதில் ஒன்று முளைப்பது வேறு என்பது என் எண்ணம்.

2008இல் ஜான்-டிலன் ஹேன்ஸின் குழு, மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியை வைத்து, இடது பொத்தானா வலது பொத்தானா என்பதை ஏழு முதல் பத்து விநாடிக்கு முன்பே கணிக்க முடிகிறது என்று அறிவித்தது. செய்தித்தாள்கள் குதித்தன. கணிப்பு சரியாக வந்தது நூற்றுக்கு அறுபது தடவை. காசைச் சுண்டினாலே ஐம்பது.

அடுத்த திருப்பம் 2012. ஆரன் ஷர்கர், ஹகோபோ சிட், ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் மூவரும் கேட்ட கேள்வி நம் மளிகைக் கடைக் கேள்வியேதான். அசைவைப் பிடித்துக்கொண்டு பின்னால் சுற்றினால் ஏறும் அலை தெரிகிறது. அலை ஏறியதால் அசைவு வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு ஓடையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. மதகில் கசிவும் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டி, நீர்மட்டம் கலங்கலுக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறது. மேலே காற்றடித்து மட்டம் ஏறி இறங்குகிறது. எப்போதாவது காற்றும் வரத்தும் ஒருசேரக் கூடிவந்தால் தண்ணீர் கலங்கலைத் தாண்டி வழியும். இப்போது பொதுப்பணித்துறைப் பதிவேட்டை எடுத்து, வழிந்த ஒவ்வொரு தடவையையும் பூச்சியமாக வைத்துப் பின்னால் போய்ச் சராசரி எடுங்கள். வழிவதற்கு முன் மட்டம் அழகாக, சீராக உயர்ந்துகொண்டே வந்தது போலக் கோடு கிடைக்கும். கிடைக்காமல் எப்படி? உயர்ந்த தடவைகளை மட்டும்தானே பொறுக்கினீர்கள்! பாதி ஏறி வழியாமலே இறங்கிய நாட்கள் உங்கள் கணக்கில் இல்லை. அந்தச் சாய்வின் தொடக்கத்தில் 'இன்று வழியவேண்டும்' என்று ஏரியில் யாரும் முடிவெடுக்கவில்லை.

ஷர்கர் குழுவின் கணித மாதிரி இதுதான். 'எப்போது வேண்டுமானாலும் அசைக்கலாம்' என்ற மெல்லிய உந்துதல் ஓடை. மூளையில் சதா நடக்கும் தாறுமாறான ஏற்றயிறக்கம் காற்று. இந்த மாதிரியிலிருந்து பிறந்த கோடு ஆயத்த அலையோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு சோதனையும் வைத்தார்கள். விரலசைக்கக் காத்திருப்பவரிடம் எதிர்பாராமல் 'க்ளிக்' ஒலி கொடுப்பது. கேட்டதும் உடனே அழுத்த வேண்டும். ஏரித் தத்துவம் சரி என்றால், க்ளிக் வந்தபோது மட்டம் தற்செயலாக உயர்ந்திருந்த தடவைகளில் பதில் வேகமாக வரவேண்டும். வந்தது. வேகமான பதில்களுக்கு முன்னால், க்ளிக்குக்கும் முன்பே, மின்னழுத்தம் எதிர்மறைப் பக்கம் சாய்ந்திருந்தது. வரப்போகும் ஒலியை மூளை எப்படி முன்கூட்டித் தீர்மானித்திருக்கும்?

அப்படியானால் உண்மையான 'முடிவு' கலங்கலைத் தாண்டும் கணம். அசைவுக்குச் சுமார் 150 மில்லிவிநாடி முன்னால். லிபெட்டின் மனிதர்கள் தங்களுக்கு எண்ணம் தோன்றியதாகச் சொன்ன நேரத்துக்கு வெகு அருகே! அவர்கள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

நான் ஷர்கர் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் ஒரு முள் இருக்கிறது. 2011இல் இட்ஷாக் ஃப்ரீடும் சகாக்களும், வலிப்பு நோய் அறுவைக்காக மூளைக்குள்ளேயே மின்முனை பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். துணை இயக்கப் பகுதியில் வெறும் 256 நரம்பணுக்களின் துடிப்பை வைத்தே, எண்ணம் தோன்றுவதற்கு 700 மில்லிவிநாடி முன்னால், எண்பது சதவீதத்துக்கும் மேல் சரியாகக் கணிக்க முடிந்தது. இது வெறும் காற்று என்று தள்ளிவிடக் கூடியது அல்ல. அதே ஃப்ரீட் 1991இல் இதே பகுதியில் லேசாக மின்சாரம் வைத்தபோது, சில நோயாளிகள் கையை அசைக்கவேண்டும் போல ஒரு உந்துதல் வருகிறது என்றார்கள். மின்சாரத்தைக் கூட்டியபோது, உந்துதல் வந்த அதே இடங்கள் சிலவற்றில் உண்மையிலேயே அசைவு வந்தது.

அலை எழுந்துவிட்டால் அசைவு நிச்சயமா? 2016இல் பெர்லினில் இதை விளையாட்டாகவே வைத்தார்கள். தரையில் ஒரு பொத்தான். பச்சை விளக்கு எரியும்போது காலால் அழுத்தினால் புள்ளி கிடைக்கும்; சிவப்பில் அழுத்தினால் போகும். எதிராளி ஒரு கணிப்பொறி. அது ஆட்டக்காரரின் ஈஈஜியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆயத்த அலை தெரிந்ததும் விளக்கைச் சிவப்பாக்கிவிடும். எண்ணத்தை வேவு பார்க்கும் எதிராளியோடு எப்படி ஜெயிப்பது? ஆனால் ஆட்டக்காரர்கள் பல தடவை சமாளித்தார்கள். அலை எழுந்த பிறகும் காலை நிறுத்த முடிந்தது. அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடிக்கு முன்புவரை வாபஸ் வாங்கலாம். அதைத் தாண்டிவிட்டால் கால் போயே தீரும்.

இன்னொன்று. இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் எடுக்கப்பட்ட முடிவு எதற்கும் உதவாத முடிவு. இப்போது மடக்கினால் என்ன, மூன்று விநாடி கழித்து மடக்கினால் என்ன? 2019இல் யூரி மவோஸ் குழு, இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு 1000 டாலர் போகவேண்டும் என்று பங்கேற்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது. தேர்வுக்கு விளைவு உண்டு என்றபோது ஆயத்த அலை ஏறக்குறையக் காணாமலே போனது. எதைத் தேர்ந்தாலும் இரண்டுக்கும் சரிபாதி என்றபோது வழக்கம்போல வந்தது. காரணம் இல்லாத இடத்தில்தான் காற்று தீர்மானிக்கிறது போலும். லிபெட்டின் மணிக்கட்டை வைத்துக் கொலைக் குற்றவாளியைப் பற்றிப் பேசியவர்கள் மவோஸ் குழுவின் கட்டுரையை நின்று படிக்கவேண்டும்.

நரம்பியல் மருத்துவர்களுக்கு இந்தத் தத்துவச் சண்டையில் நாட்டம் குறைவு. அவர்கள் அலையைக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு உடல் திடீர் திடீரென்று தூக்கிப்போடுகிறது. மூளையிலோ தண்டுவடத்திலோ பழுதா, அல்லது உறுப்பில் பழுதில்லாமல் இயக்கம் மட்டும் பிசகும் செயல்பாட்டுக் கோளாறா? துள்ளல் ஒவ்வொன்றையும் பூச்சியமாக வைத்து, ஃப்ரைபுர்க் பாணியில் பின்னோக்கிச் சராசரி எடுக்கிறார்கள். செயல்பாட்டுக் கோளாறு உள்ளவர்கள் பலரிடம் துள்ளலுக்கு முன்னால் ஆயத்த அலை இருக்கிறது. இதைப் பார்த்ததும் "அப்போ நடிக்கிறான்" என்று உறவினர்கள் கிளம்பிவிடக் கூடாது. அந்த நோயாளிக்கு அசைக்கும் எண்ணம் தோன்றுவதே இல்லை. துள்ளல் அவருக்கு வெளியிலிருந்து வந்து விழுவது போலத்தான் இருக்கிறது. அலை இருக்கிறது, 'நான்' இல்லை. இரண்டும் வேறு வேறு சரக்கு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

பார்க்கின்சன் நோயில் இதன் மறுபக்கம். மூளையின் அடியில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோக, துணை இயக்கப் பகுதிக்குப் போகவேண்டிய ஊட்டம் குறைகிறது. ஆயத்த அலையின் மெதுவான முதல் பாதி சிறுத்துவிடுகிறது. ஆனால் இங்கே ஃப்ரைபுர்க்காரர்களின் உபாயத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. பின்னோக்கிச் சுற்ற முதலில் ஓர் அசைவு நடந்திருக்க வேண்டும். எழவேண்டும் என்று நினைத்து எழ முடியாமல் போன கணங்களுக்குப் பூச்சியம் கிடையாது. அவை எந்தச் சராசரியிலும் சேராது.

என் நண்பரின் அப்பாவுக்கு எட்டு வருடமாக இந்த நோய். அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சோபாவிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போகக் கிளம்பியவர் வழவழப்பான டைல்ஸ் தரையின் நடுவில் நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நடுங்குகிறது. "வாங்க மாமா, மெதுவா" என்று நான் கையைப் பிடிக்கப் போனேன். மருமகள் என்னைத் தடுத்து, தன் வலது பாதத்தை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். "மாமா, என் காலைத் தாண்டுங்க." அவர் குனிந்து பார்த்தார். அவ்வளவு நேரம் அசையாத கால் எழுந்து, அவள் பாதத்தைச் சுத்தமாகத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது. உள்ளிருந்து கிளம்ப வேண்டிய அசைவு ஒரு பாதை, கண்ணால் பார்த்துத் தாண்டும் அசைவு இன்னொரு பாதை. இரண்டாவது பாதை அவருக்கு இன்னும் திறந்திருக்கிறது. அடுத்து நாலைந்து அடி தடையில்லாமல் நடந்தார். கழிப்பறை வாசலில் மறுபடி நின்றார். அவள் முன்னால் போய்ப் பாதத்தை வைத்தாள்.